வாரத்தில் ஒரே ஒரு வேகநாள்: எந்த இன்டர்வெல், எந்த இலக்கு?

ஒருவர் 5 கி.மீ.யைச் சரியாக 30 நிமிடத்தில் ஓடுகிறார். 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலை, வீடு, தூக்கம் எல்லாம் போக வாரத்தில் நான்கு நாள்தான் ஓட முடிகிறது. அதில் ஒரு நாள் நீள ஓட்டம், இரண்டு நாள் நிதான ஓட்டம். மிச்சமிருக்கும் ஒரே நாளை வேகப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். போட்டிக்குப் பத்து வாரம் இருக்கிறது. அந்த வேகநாட்களில் அவர் எதை ஓட வேண்டும்? 400 மீட்டர் சுற்றுகளா, நான்கு நிமிட இன்டர்வெல்லா (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது), டெம்போவா (சற்றுக் கடினமான ஒரே வேகத்தில் நீளமாக ஓடுவது), ஃபார்ட்லெக்கா (மனம் போனபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது)?

பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் மிகப் பலர் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். தொழில்முறை ஓட்டக்காரருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கடினமானதல்ல. வாரத்தில் இரண்டு மூன்று வேகநாட்கள் இருப்பதால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துகொள்ளலாம். நமக்கு ஒரு நாள்தான். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும்.

நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். அன்று நான் செய்தது இதுதான்: இலக்கு நேரத்தை முதலில் எழுதினேன், அதைக் கிலோமீட்டருக்கு வகுத்தேன், வந்த எண்ணிலிருந்து இன்டர்வெல் வேகத்தைக் கணக்குப் போட்டேன். தாளில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. மூன்றாவது வாரம் ஆறாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஐந்து வாரம் ஓடவில்லை. அந்த ஐந்து வாரத்தில் எனக்குப் புரிந்தது, இலக்கு வேறு நாளுக்குரிய எண், இன்டர்வெல் இன்றைய உடம்புக்குரிய எண் என்பது. இரண்டையும் ஒரே வகுத்தல் கணக்கில் போட்டதுதான் தவறு. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தப் புரிதலிலிருந்து எழுதப்பட்டது.

முதலில் இன்றைய எண்

பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு எளிய சூத்திரம் தந்தார். ஒரு தூரத்தில் நீங்கள் எடுத்த நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தை மதிப்பிடலாம்: இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதில்லை, சுமார் 2.085 மடங்காகிறது. களைப்பின் விலை அந்த 0.085.

நம் ஓட்டக்காரருக்கு இதைப் போட்டுப் பார்த்தால், 5 கி.மீ. 30:00 என்றால் 10 கி.மீ. 62:33. 60:00 வேண்டுமென்றால் 5 கி.மீ.யை 28:47இல் ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். அதாவது 5 கி.மீ.யில் 73 விநாடி குறைய வேண்டும். பத்து வாரத்தில் சிலருக்கு இது கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. அதைத் தொடக்கத்திலேயே சொல்ல யாராலும் முடியாது. இந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதி இதைப் பற்றித்தான்.

சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 5 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ.க்கும், 10 கி.மீ.யிலிருந்து ஹாஃப் மாரத்தானுக்கும் ஓரளவு நம்பலாம். முழு மாரத்தானுக்கு வரும்போது வாரத்துக்குக் குறைவான தூரம் ஓடுகிறவர்களுக்கு அது மிகவும் தாராளமாகச் சொல்லிவிடும். ஹாஃப் மாரத்தான் நேரத்தை வைத்துச் சூத்திரம் சொன்ன முழு மாரத்தான் நேரத்தை நம்பிப் புறப்பட்டவர்கள் 32ஆவது கிலோமீட்டரில் நடப்பது அதனால்தான்.

இன்டர்வெல் என்பது ஓட்டமல்ல, ஓய்வு

வகைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு பழைய செய்தி. 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரெயின்டெல் என்ற மருத்துவரும் இந்தப் பயிற்சியை முறைப்படுத்தினார்கள். சிறிய தூரம் ஓடி நாடித்துடிப்பை 180 வரை கொண்டுபோக வேண்டும். பிறகு அது 120க்கு இறங்கும்வரை இளைப்பாற வேண்டும். 90 விநாடிக்குள் இறங்கினால் அடுத்ததை ஓடலாம். இறங்கவில்லை என்றால் வேகம் அதிகம் அல்லது அன்றைய பயிற்சி போதும். அவர்கள் பார்வையில் இதயம் பலப்படுவது அந்த இடைவேளையில்தான். இன்டர்வெல் என்ற பெயரே அந்த இடைவேளையைக் குறிக்கிறது. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1:46.6இல் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நின்றது.

இதயம் ஓய்வில்தான் வளர்கிறது என்ற அவர்களுடைய விளக்கத்தை இன்றைய உடலியல் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அந்த 120 விதி ஒரு நல்ல பயிற்சியாளரின் கண். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 180, 120 என்ற எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அதன் உள்ளர்த்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: அடுத்த முறை ஓட உடம்பு தயாரா என்பதை ஓய்வுதான் சொல்லும். ஓய்வின் நீளத்தை மாற்றினால் அதே 400 மீட்டர் முற்றிலும் வேறொரு பயிற்சியாகிவிடும். இரண்டு பேர் “நான் எட்டு 400 ஓடினேன்” என்று சொல்லலாம். ஒருவர் இடையில் ஒரு நிமிடம் மெல்ல ஓடியிருப்பார். மற்றவர் நான்கு நிமிடம் நின்றிருப்பார். இருவரும் ஒரே பயிற்சியைச் செய்யவில்லை.

400 மீட்டர் சுற்றுகள்

செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் ஸாடோபெக்கின் பெயரால் புகழ் பெற்ற பயிற்சி இது. 400 மீட்டர் வேகமாக, 200 மீட்டர் மெல்ல, மறுபடி 400. ஒரே நாளில் இருபது, சில காலங்களில் அதற்கும் பல மடங்கு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். மாரத்தான் அவர் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

நமக்கு 400 என்ன தரும்? கால் எடுத்து வைக்கும் விதம் சீராகும். வேகமான நடையில் உடம்பு தளர்வாக இருக்கப் பழகும். மனத்துக்கும் எளிது: ஒரு சுற்று, அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜன் உறிஞ்சும் வேகம் உச்சத்தை நெருங்க உடம்புக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கிறது. நம் ஓட்டக்காரரின் இன்றைய 5 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்று 2:24. உச்சத்தை எட்டும் நேரத்தில் சுற்றே முடிந்துவிடும். நடுவில் நீண்ட ஓய்வு எடுத்தால் ஒவ்வொரு முறையும் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியிருக்கும். ஓய்வை ஒரு நிமிட மெல்லோட்டமாகக் குறைத்தால்தான் இதற்குப் பயன் உண்டு.

நடைமுறையில் யாரும் 2:24இல் ஓடுவதில்லை. சுற்று சிறியது, புத்துணர்ச்சி இருக்கிறது, பக்கத்தில் யாராவது ஓடுகிறார்கள், 2:05இல் முடித்துவிடுவார்கள். எனக்கு நடந்ததும் இதேதான். 400இன் பெரிய ஆபத்து இந்தக் கவர்ச்சி. வாரத்தில் ஒரே வேகநாள் உள்ள, நாற்பதைக் கடந்த, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

நான்கு நிமிடம், நான்கு முறை

நார்வேயில் யான் ஹெல்கெருட், யான் ஹாஃப் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோனது. ஓரளவு பயிற்சி உள்ள ஆண்கள் நான்கு குழுக்களாக எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் ஓடினார்கள். மொத்த உழைப்பு எல்லாருக்கும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வி.ஓ.2 மேக்ஸ் எனப்படும் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, நான்கு நிமிட இன்டர்வெல் ஓடியவர்களுக்கு 7.2 சதவீதம் கூடியது. 15 விநாடி வேகம், 15 விநாடி மெதுவாக என்று ஓடியவர்களுக்கு 5.5 சதவீதம். நிதானமாக மட்டும் ஓடியவர்களுக்கும் லாக்டேட் வாசல் வேகத்தில் (இதன் விளக்கம் டெம்போ பகுதியில்) ஓடியவர்களுக்கும் அதில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

முறை எளிது. நான்கு நிமிடம் உச்ச நாடித்துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தை எட்டும்படி ஓட வேண்டும். பிறகு மூன்று நிமிடம் மெல்லோட்டம். நான்கு முறை. வார்ம்-அப், கூல்-டவுன் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குள் வீடு திரும்பலாம்.

ஆய்வை அப்படியே நம் வாழ்க்கைக்குக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினார்கள், நமக்கு ஒரு நாள்தான். அவர்கள் அளந்தது ஆக்சிஜன் பயன்பாடு, 10 கி.மீ. நேரமல்ல. ஆக்சிஜன் பயன்பாடு கூடினால் ஓட்ட நேரம் குறைய வாய்ப்புண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இதில் எனக்குப் பிடித்தது, அளவு மீட்டரில் இல்லாமல் நிமிடத்தில் இருப்பது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டக்காரர்களின் அட்டவணையில் “1,000 மீட்டர், ஐந்து முறை” என்று இருக்கும். அவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் ஓட்டக்காரருக்கு அதே கிலோமீட்டர் ஆறு நிமிடம். தூரம் ஒன்றுதான், உடம்புக்கு விழும் அடி இரண்டு மடங்கு. அட்டவணையைக் கடன் வாங்கும்போது மீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தை வாங்க வேண்டும். அவர்கள் மூன்று நிமிடம் ஓடினால் நீங்களும் மூன்று நிமிடம் ஓடுங்கள். அதில் எத்தனை மீட்டர் கடக்கிறீர்களோ அது உங்கள் கணக்கு.

நாடித்துடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்சத் துடிப்பு என்று கைக்கடிகாரங்கள் எடுத்துக்கொள்கின்றன. அது ஒரு சராசரி. உண்மையான உச்சம் அதிலிருந்து பத்துத் துடிப்புக்கு மேலும் விலகியிருக்கலாம். தவிர, வேகம் கூடிய பின் துடிப்பு ஏறிவர நேரம் பிடிக்கும். நான்கு நிமிட ஓட்டத்தின் முதல் நிமிடத்தில் கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்தினால் மிக வேகமாகப் போய்விடுவீர்கள். பேச்சை வைத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது: இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச முடியவில்லை, ஆனாலும் நான்கு நிமிடமும் அதே வேகத்தில் போக முடிகிறது என்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

டெம்போ: 60 நிமிடக்காரரின் உண்மையான தோழன்

டெம்போ என்பது லாக்டேட் வாசல் வேகத்தில் ஓடுவது. பயிற்சிப் புத்தகங்கள் அந்த வேகத்தை இப்படிச் சொல்லும்: போட்டி மனநிலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். உலகத் தரமான ஓட்டக்காரர் ஒரு மணி நேரத்தில் ஹாஃப் மாரத்தானையே முடித்துவிடுவார். ஆகவே அவருக்கு வாசல் வேகம் என்றால் ஹாஃப் மாரத்தான் வேகம். 10 கி.மீ. அவருக்கு வாசலுக்கு மேலே, கடும் மூச்சு வாங்கும் பிரதேசத்தில் நடக்கும் போட்டி.

நம் ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரப் போட்டி எது? 10 கி.மீ.யேதான்! அவர் ஆசைப்படும் போட்டியின் வேகமும் அவருடைய வாசல் வேகமும் ஒன்றே. ஆக, 10 கி.மீ.க்கு 400, 1,000 என்று இன்டர்வெல்களை அடுக்கும் வேகக்காரர்களின் அட்டவணை, 60 நிமிடக்காரருக்குப் பாதி பொருந்தாது. அவருடைய போட்டியைப் போலவே இருக்கும் பயிற்சி டெம்போதான். பல காலம் இதை நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு என் வேகநாட்கள் மாறிவிட்டன.

டெம்போ என்றதும் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடுவது நினைவுக்கு வரும். அதைத் துண்டுகளாகவும் ஓடலாம். எட்டு நிமிடம் மூன்று முறை, நடுவில் இரண்டு நிமிட மெல்லோட்டம். சில வாரத்தில் பன்னிரண்டு நிமிடம் இரண்டு முறை. பிறகு இருபது நிமிடம் ஒரே இழுப்பாக. நம் ஓட்டக்காரரின் வேகம் இன்றைய கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6:15. ஆசைப்படும் 6:00 அல்ல. இந்த 15 விநாடிதான் பலர் தடுக்கி விழும் இடம். 6:00 அவருடைய இன்றைய 5 கி.மீ. போட்டி வேகம். அதில் இருபது நிமிட டெம்போ ஓடினால் அது டெம்போவாக இருக்காது, வாராவாரம் ஒரு போட்டியாகிவிடும்.

டெம்போவின் குறை: சலிப்பு. முடிவில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. மூச்சு இரைக்கத் தரையில் உட்கார மாட்டீர்கள், கால் நடுங்காது. “இன்னும் பத்து நிமிடம் ஓடியிருக்கலாமே” என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாக ஓடியிருக்கிறீர்கள்.

ஃபார்ட்லெக், 10-20-30, மேடு

ஃபார்ட்லெக் என்றால் ஸ்வீடிஷ் மொழியில் வேக விளையாட்டு. கோஸ்டா ஹோல்மேர் 1930களில் உருவாக்கினார். காட்டுப் பாதையில் மனம் போனபடி வேகம் கூட்டி, குறைத்து ஓடுவது. கணக்கில்லை, தட்டையான ட்ராக் தேவையில்லை. வேகப் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது: இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம், ஆறேழு முறை. வெப்பமான நாளிலும் காற்று எதிர்த்து அடிக்கும் நாளிலும் கடிகார வேகம் பொய் சொல்லும். அன்றைக்கு எந்தத் திட்டத்தையும் ஃபார்ட்லெக்காக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். குறை என்னவென்றால், முன்னேற்றத்தை அளக்க முடியாது.

கோபன்ஹேகனில் யென்ஸ் பாங்ஸ்போவும் தாமஸ் குன்னார்ஸனும் 2012இல் சோதித்துப் பார்த்தது 10-20-30. 30 விநாடி மெதுவாக, 20 விநாடி மிதமாக, 10 விநாடி ஏறக்குறைய முழு வேகத்தில். இப்படி ஐந்து தடவை ஓடினால் ஐந்து நிமிடம். இரண்டு நிமிட ஓய்வுக்குப் பின் மறுபடி. மூன்று நான்கு தொகுதிகள். ஏழு வாரத்தில், இதைச் செய்தவர்கள் ஓடும் மொத்த தூரம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் 5 கி.மீ. நேரம் சராசரியாக 48 விநாடி குறைந்தது. அதைச் செய்தவர்கள் 23 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடும் சாதாரண ஓட்டக்காரர்கள். கட்டுப்பாட்டுக் குழுவையும் சேர்த்து மொத்தம் 18 பேர்தான் என்பதால் அந்த 48ஐ வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரமே கிடைக்காதவருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் அந்தப் பத்து விநாடி முழு வேகம் தொடையின் பின்தசையைச் சோதிக்கும். முன்பு அங்கே காயம் பட்டவர்கள் தவிர்க்கலாம்.

மேடு கிடைத்தால் விடாதீர்கள். ஒரு நிமிடம் ஏறி, நடந்து இறங்கி, ஆறு எட்டு முறை. வேகம் குறைவாக இருப்பதால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு, இதயத்துக்கு உழைப்பு அதே. குதிகால் தசைநாணில் வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஏற்றம் வேண்டாம்.

மாரத்தான்காரர்களிடையே புழங்கும் யாஸோ 800 பற்றி அடிக்கடிக் கேட்கிறார்கள். பார்ட் யாஸோ பெயரால் வழங்கும் இந்த முறையில் 800 மீட்டரைப் பத்து முறை 4 நிமிடத்தில் ஓடினால் மாரத்தானை 4 மணி நேரத்தில் ஓடலாம் என்பார்கள். பயிற்சியாக நல்லது. ஜோதிடமாக நம்ப வேண்டாம். நீள ஓட்டம் ஒன்றுகூட ஒழுங்காக ஓடாதவரும் அந்தப் பத்தை ஓடிவிட முடியும்.

இவை எதற்கும் தயாராகாதவர்களும் இருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது இரண்டு மாதமாவது பழக்கமாகாதவருக்கு வேகநாளே வேண்டாம். நிதான ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி வேகம், நான்கு முறை, இடையில் நன்றாக இளைப்பாறி, அது போதும். நெஞ்சு வலி, தலைசுற்றல், குடும்பத்தில் இளவயது இதய நோய் போன்றவை இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் கடுமையான பயிற்சி.

இலக்கு: எண்ணா, செயலா?

இலக்கு பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடிகள் எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள். தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு, “முடிந்தவரை செய்” என்பதைவிட நல்ல பலன் தரும் என்பது அவர்கள் பல பத்தாண்டுகளாகக் காட்டியது. இதைப் படித்தவர்கள் உடனே “60 நிமிடம்” என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அதே ஆராய்ச்சி மரபு சொல்லும் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள்: செய்யும் வேலை புதியது, அதற்கான திறன் இன்னும் கைவரவில்லை என்றால், முடிவை அளக்கும் இலக்கைவிடக் கற்றுக்கொள்வதை அளக்கும் இலக்குதான் மேல். வேகப் பயிற்சிக்குப் புதியவர் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

முழு எண்களின் ஈர்ப்பும் சாதாரணமானதல்ல. ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 3:00, 3:30, 4:00 ஆகியவற்றுக்குச் சற்று முன்பாக ஓட்டக்காரர்கள் குவிந்திருந்தார்கள். தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. களைத்த உடம்பிலிருந்தும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கொஞ்சம் வேகத்தைப் பிழிந்தெடுக்க முழு எண்ணால் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே எண் இலக்கை நான் ஒதுக்கவில்லை. அது வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்வது போட்டியின் கடைசிப் பகுதியில். பயிற்சியின் மூன்றாவது வாரத்தில் அதே எண் உங்களை 2:24க்குப் பதில் 2:05இல் சுற்ற வைக்கிறது.

மூன்று வகை இலக்குகளை வைத்துப் பார்க்கலாம். “60 நிமிடத்துக்குள்” என்பது நேர இலக்கு. “பத்து வாரத்தில் ஒன்பது வேகநாட்களைத் தவறவிடாமல், ஒவ்வொன்றிலும் கடைசி முறையை முதல் முறையின் வேகத்திலேயே ஓடி முடிப்பேன்” என்பது செயல் இலக்கு. “எவ்வளவு நன்றாக ஓட முடிகிறது பார்ப்போம்” என்பது திறந்த இலக்கு. கடைசியானது இளக்காரமாகப் பார்க்கப்படுகிறது. ஓட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கும் அதுதான் மிகவும் இதமானது, தோற்க இடமில்லாதது. பல ஆண்டு ஓடியவருக்கு அது போதாது. கூர்மை இருக்காது.

என் பரிந்துரை வரிசையை மாற்றுவது. முதல் ஆறு வாரத்துக்குச் செயல் இலக்கு மட்டும். அதன் பிறகு ஒரு 5 கி.மீ. சோதனை ஓட்டம். அதில் வரும் எண்ணை வைத்துத்தான் நேர இலக்கை எழுத வேண்டும். ஆசை இருக்கட்டும், அதை யாரும் தடுக்க முடியாது. அது பயிற்சித் தாளில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மைலை முதன்முதலில் 4 நிமிடத்துக்குள் ஓடிய பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டரின் கதையை இதற்கு நேர் எதிரான சான்றாகச் சொல்வார்கள். 4 நிமிட மைல் என்ற எண் கண்முன் இருந்தது, சுற்றுக்கு 60 விநாடி என்ற கணக்கும் இருந்தது. ஆனால் அவர் எங்கே தொடங்கினார் என்று பாருங்கள். 1953-54 குளிர்காலத்தில் கால் மைல் (மைலில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு சுற்று) ஓட்டங்கள் பத்தை ஒவ்வொன்றும் 66 விநாடியில், இரண்டு நிமிட இடைவேளையோடு ஓடினார். அன்றைய உடம்புக்கு முடிந்தது அதுதான். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல 61க்கு வந்தார். அங்கே அசையாமல் நின்றது. இன்னும் கடுமையாக ஓடுவதற்குப் பதில் நண்பரோடு ஸ்காட்லாந்து மலைகளில் ஏறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடியபோது 59. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் 3:59.4. இலக்கு 60 ஆக இருந்தும் பயிற்சி 66இல் தொடங்கியது.

பத்து வாரத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது

முதல் இரண்டு வாரம் ஃபார்ட்லெக். கால்கள் வேகத்துக்குப் பழகட்டும். மூன்று, நான்கு, ஐந்தாம் வாரங்களில் நான்கு நிமிட இன்டர்வெல். முதலில் மூன்று முறை, பிறகு நான்கு. வேகம் கிலோமீட்டருக்கு 6:00, நான்கு நிமிடத்தில் சுமார் 670 மீட்டர். கடைசி முறை முதல் முறையைவிட மெதுவானால் அடுத்த வாரம் வேகத்தைக் குறைக்க வேண்டும், எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. “இன்னொன்று ஓடலாம்” என்ற நிலையில் நிறுத்துவதுதான் அளவு. ஆறாம் வாரம் மற்ற ஓட்டங்களைக் குறைத்து, வார இறுதியில் 5 கி.மீ. சோதனை.

ஏழு, எட்டு, ஒன்பதில் டெம்போ. இந்த வரிசைக்குக் காரணம் மேலே சொன்னதுதான்: 60 நிமிடக்காரருக்குப் போட்டி போலவே இருக்கும் பயிற்சி டெம்போ. அதனால் அது போட்டிக்கு அருகில் இருக்க வேண்டும். எட்டாம் வாரம் மட்டும் ஒரு கலவை: பத்து நிமிட டெம்போ இரண்டு முறை, அதன் பின் புதிய 5 கி.மீ. வேகத்தில் மூன்று நிமிடம் இரண்டு முறை. ஒரு வேகநாள் தவறிப்போனால் அடுத்த வாரத்தில் இரண்டாகச் சேர்த்து ஓட வேண்டாம். போனது போகட்டும்.

ஹாஃப் மாரத்தான் இரண்டு மணி நேரத்துக்குள் என்பவருக்கு (கிலோமீட்டருக்கு 5:41, அதற்கு 10 கி.மீ.யில் சுமார் 54:20 ஓடும் திறன் வேண்டும்) நான்கு நிமிட இன்டர்வெல் வாரங்களைக் குறைத்து டெம்போ வாரங்களைக் கூட்டுவேன். 5 கி.மீ.யை 30 நிமிடத்துக்குள் கொண்டுவர விரும்புகிறவருக்கு நேர்மாறாக. மாரத்தான்காரருக்கு வேகநாளைவிட நீள ஓட்டம்தான் முக்கியம். இரண்டும் மோதினால் வேகநாளை விட்டுவிடச் சொல்வேன்.

சோதனை ஓட்டத்தில் நம் ஓட்டக்காரர் 29:10 ஓடினார் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 5:50. சூத்திரப்படி 10 கி.மீ. 60:49. அறுபது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. இப்போது நேர இலக்கை எழுதலாம்: 60:30, அதாவது கிலோமீட்டருக்கு 6:03. முதல் இரண்டு கிலோமீட்டரை 6:05க்கு வேகமாக ஓடக் கூடாது. அடுத்த கிலோமீட்டர்களில் அந்தச் சில விநாடியை ஈடுகட்டி, எட்டாவது கிலோமீட்டர் பலகையை 48:24இல் கடக்க வேண்டும். அப்போதும் ஓரிரு சொல் பேச மூச்சு இருந்தால், அறுபதுக்குள் முடிக்க மிச்ச இரண்டு கிலோமீட்டரை 5:47 வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். எட்டாம் வாரம் டெம்போவில் களைத்த கால்களோடு ஓடிய அந்த மூன்று நிமிட ஓட்டங்கள் இரண்டும் 5:50 வேகத்தில் இருந்தன.